தோய்ச்சல்

வன்னியில் காடு வெட்டி வயல் கண்டவர்களின் கத்திக்கு உறுதி தந்தது நெருப்பா, நீரா? நெருப்பு இரும்பை இளக்கும். சட்டென வரும் குளிரே அதை இறுக்கும். அதைத்தான் தோய்ச்சல் என்பர்.

இலங்கையின் உருக்கறிவு பழையது. தெற்கே சமனலவெவ மலைச்சரிவில், 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு உலைகள் எரிந்தன. கில் ஜூலெஃப் 1996இல் அதை உலகறியச் செய்தார்.

கம்மாலையில் கொல்லர் செந்நிறம் பார்த்துக் கத்தியை நீரில் தோய்ப்பார். கரி மிகுந்த உருக்கில் ஒரு பங்கு அப்போதும் இறுகாமல் எஞ்சும். அதையும் இறுக்கவே இன்று பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகைத் திரவ நைதரசன் உதவுகிறது. குளிர் புதிது; காரியம் பழையது.

உலையின் சுவடு மண்ணில் கிடைத்தது. நிறம் பார்த்த கண்ணின் அறிவு தோண்டினாலும் கிடைக்காது. கம்மாலைகள் மூடுமுன் கேட்டு எழுதி வைப்போம்.