பிள்ளையைக் கரப்பந்தாட்டக் கழகத்தில் சேர்க்கும் முன்: அக்கராயன் பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

அக்கராயன் பக்கத்தில் பிள்ளையைக் கரப்பந்தாட்டத்துக்கு அனுப்ப யோசிக்கும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான். எவ்வளவு செலவாகும்? படிப்புக் கெட்டுவிடாதா? பொம்பிளைப் பிள்ளையை அனுப்பலாமா? மூன்றும் நியாயமானவை. ஆனால் அவற்றுக்கு முன் கேட்கவேண்டிய ஒன்று இருக்கிறது: மைதானத்தில் நிற்கும் நேரத்தில் என் பிள்ளைக்கு யார் பொறுப்பு? இதற்கு ஓர் ஆளின் பெயரைச் சொல்லக்கூடிய கழகத்தோடு மற்ற மூன்றையும் பேசித் தீர்க்கலாம்.

எந்தக் கழகம்?

ஊரில் 'கழகம்' என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. இளைஞர் கழகங்கள் 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் வருபவை. 13 முதல் 29 வயது வரையானவர்கள் அவற்றில் சேரலாம். விளையாட்டுக் கழகங்கள் 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. இரண்டையும் பற்றிக் கரைச்சிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். முதலாவதற்கு இளைஞர் சேவை உத்தியோகத்தர், இரண்டாவதற்கு விளையாட்டு உத்தியோகத்தர்.

பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதிவுள்ள கழகத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் யார் என்பது எழுத்தில் இருக்கும். பிரச்சினை வந்தால் போய்ப் பேச ஓர் அலுவலகமும் இருக்கும்.

வயதெல்லையைக் கவனியுங்கள். 13 வயதுப் பிள்ளையும் 29 வயது இளைஞரும் ஒரே கழகத்தில் இருக்கலாம். சிறியவர்களுக்குத் தனி நேரம் உண்டா, அப்போது நிற்பவர் யார் என்று கேளுங்கள்.

எந்த ஆட்டம்?

கரப்பந்தாட்டம் 1916 இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக இலங்கைக்கு வந்தது. 1991 இல் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. ஆனால் வடக்கில் 'ஓவர் கேம்' என்ற நம்முடைய ஆட்டமுறையும் செல்வாக்கோடு இருக்கிறது. அதன் விதிகள் சர்வதேச விதிகளிலிருந்து வேறுபட்டவை. ஊர்ச் சுற்றுப்போட்டிக்கு அது நல்ல ஆட்டம். பாடசாலை அணியிலும் தேசியப் போட்டிகளிலும் ஆட விரும்பும் பிள்ளை சர்வதேச விதிமுறையைப் பழகவேண்டும்: பக்கத்துக்கு ஆறு பேர், 18 மீற்றருக்கு 9 மீற்றர் ஆடுகளம், 25 புள்ளிச் செற்கள். வளர்ந்த ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். சிறுவர்களுக்கு அதைத் தாழ்த்திக் கட்டவேண்டும். பெரியவர்களின் வலையிலேயே சின்னப் பிள்ளையை அடிக்கவிடுவது தோளுக்கு நல்லதல்ல.

செலவும் காயமும்

பந்தும் வலையும் கழகத்தினுடையவை. பிள்ளைக்கு வேண்டியது நல்ல பிடிப்புள்ள சப்பாத்தும், முடிந்தால் முழங்கால் காப்பும். சந்தா, ரீசேர்ட், போட்டிக்குப் போகும் வாகனக் காசு ஆகியவற்றைச் சேரும் அன்றே கேட்டு எழுதிவையுங்கள்.

இந்த ஆட்டத்தில் அதிகம் அடிபடுவது கணுக்கால். விரல், முழங்கால் காயங்களும் உண்டு. சுளுக்கிய காலோடு தொடர்ந்து ஆடவிடக்கூடாது. துணி சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி, ஓய்வு கொடுக்கவேண்டும். காலை ஊன்றமுடியாவிட்டால் வைத்தியசாலைக்கு. அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கோடை வெயிலில் பயிற்சி பின்னேரம் பிந்தித் தொடங்குவது நல்லது. தண்ணீர்ப் போத்தல் கட்டாயம்.

படிப்பு

சாதாரண தரம், உயர்தர வருடங்களில் பயிற்சி நாட்களைக் குறைத்துக்கொள்ளக் கழகம் சம்மதிக்குமா என்று முன்னரே கேளுங்கள். தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட உள்ளெடுப்பு இருக்கிறது. அதற்கும் உயர்தரத்தில் தேவையான சித்தி வேண்டும். ஆகவே விளையாட்டைக் காட்டிப் படிப்பை விடமுடியாது. சான்றிதழ் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

பெண் பிள்ளைகள்

அனுப்பலாம், அனுப்பவேண்டும். பருவமடைந்ததோடு மைதானத்தை விட்டு நிற்கும் பிள்ளைகள் பலர். அதைத் திறமைக் குறைவு என்று சொல்லமுடியாது. ஆட ஏற்ற ஏற்பாடு அவர்களுக்கு இல்லை. பொறுப்பான பெண் ஒருவர் பயிற்சியில் நிற்கிறாரா? உடை மாற்ற இடமும் மலசலகூடமும் உண்டா? இருட்டும் முன் பயிற்சி முடியுமா? மின்னொளியில் நடக்கும் சுற்றுப்போட்டி என்றால் வீட்டு வாசல் வரை கூட்டிவருபவர் யார்?

போருக்குப் பின் வன்னியில் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைய. கூலி வேலை முடிந்து வரும் தாயால் ஒவ்வொரு நாளும் மைதானத்துக்கு வரமுடியாது. "பயமென்றால் நீங்களே வந்து நில்லுங்கோ" என்று கழகம் சொன்னால், அந்தத் தாயின் பிள்ளைக்கு அங்கே இடமில்லை என்றுதான் அர்த்தம். ஒரே ஒழுங்கையில் இருக்கும் நாலைந்து வீடுகள் முறைவைத்து ஒருவர் போய் நிற்கலாம். அதற்குக் கழகமும் ஒத்துழைக்கவேண்டும்.

ஆண் பிள்ளையானாலும் பெண் பிள்ளையானாலும், பயிற்றுவிப்பவர் தனியே கூப்பிடுவது, இரவில் தனியே குறுஞ்செய்தி அனுப்புவது, அடிப்பது எதையும் "பயிற்சியில் இதெல்லாம் இருக்கும்" என்று விடாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

சேர்க்கும் முன் ஒரு கிழமை பின்னேரங்களில் போய்ப் பாருங்கள். மைதானத்தின் ஓரத்தில் வெறித்தண்ணி இருக்கிறதா, பிழைவிட்ட பிள்ளையோடு எப்படிப் பேசுகிறார்கள், பயிற்சி முடிந்ததும் சிறியவர்களை யார் கணக்கெடுத்து அனுப்புகிறார்கள் என்று கவனியுங்கள். அவ்வளவும் திருப்தியென்றால் பிள்ளையின் பெயரைக் கொடுக்கலாம்.