மலைக்கோட்டைப் படம் பிறந்த கதை

திருவானைக்காவலிலிருந்து டவுனுக்குப் போகிறவர்கள், மாம்பழச்சாலை தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியதும் மலைக்கோட்டையைப் பார்க்காமல் போவதில்லை. கிட்டத்தட்ட இதே திசையிலிருந்துதான், ஆற்றை முன்னால் வைத்து, 1792இல் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் அந்தப் பாறையை வரைந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து இன்று ஒருவர் கையால் தீட்டித் தந்தால், “நகல்தானே” என்று விலை குறைத்துக் கேட்கிறோம். சரி, அசல் எங்கே இருக்கிறது?

அவர்கள் இங்கே வந்ததற்குக் காரணம் இருந்தது. 1752இல் திருவரங்கம் கோயிலும் நம் ஜம்புகேஸ்வரர் கோயிலும் போர் முகாம்களாகிவிட்டன. கோட்டைக்குள் ஆற்காட்டு நவாப் பதவிக்கு உரிமை கோரிய முகமது அலி. ஆற்றுக்கு இந்தப் பக்கம், தீவில், அவருடைய போட்டியாளர் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும். அந்த ஜூன் மாதம் பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள், சந்தா சாகிப் கொல்லப்பட்டார். ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாற்றில் இதை வாசித்த லண்டன்காரர்களுக்கு ‘டிரிச்சினாபொலி’ தெரிந்த பெயர். ஊர் எப்படி இருக்கும் என்றுதான் தெரியாது. மதராஸ் படையில் இருந்த பிரான்சிஸ் ஸ்வைன் வார்டு 1770களிலேயே மலைக்கோட்டையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 1773இல் அவர் தன் ஓவியங்கள் பத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கம்பெனிக் கட்டடத்துச் சுவரில் மாட்டியதைக் கம்பெனிக்கு வந்துபோகிறவர்கள்தான் பார்க்க முடியும். வீட்டுக்கு வீடு போக வேண்டுமென்றால் படம் பெருக வேண்டும்.

பெருக்கும் வழி தாமஸ் டேனியலுக்குத் தெரியும். அவர் இளமையில் சாரட்டு வண்டிகளுக்கு வண்ணம் அடித்துப் பழகியவர். 1786இல் கல்கத்தாவில் இறங்கி, அந்த நகரத்தின் 12 காட்சிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். கைக்கு உதவியாக இருந்தவர்கள் உள்ளூர்க் கைவினைஞர்கள். அந்தப் பட்டறையில் பழகிய கையோடுதான் இருவரும் 1792இல் தெற்கே வந்தார்கள். மதராஸிலிருந்து மதுரை, பாபநாசம், கன்னியாகுமரி, ராமேஸ்வரம், தஞ்சாவூர், திருச்சி என்று ஒரு பெரிய சுற்று. கேமரா அப்ஸ்குரா என்ற பெட்டி கூடவே வந்தது. எதிரில் இருக்கும் காட்சியை அதன் கண்ணாடி தாளின் மேல் விழச் செய்யும், கோடு பிசகாமல் எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஆற்றங்கரையில் பிறந்தது பென்சில் கோடும் மெல்லிய சாயமும் கொண்ட ஒரு தாள். நாம் இன்று ‘டேனியல் படம்’ என்று சொல்வது அதுவல்ல.

அது பிறந்தது லண்டனில். 1794இல் திரும்பிய இருவரும் 1795 முதல் 1808 வரை ‘ஓரியண்டல் சீனரி’ என்ற வரிசையில் 144 படங்களை வெளியிட்டார்கள். மலைக்கோட்டை அதன் இரண்டாம் தொகுதியில் வருகிறது. அச்சு முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். செப்புத் தகட்டின் மேல் பிசின் பொடியைத் தூவிச் சூடு காட்டினால் பொடி ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் இறக்கினால் பொடி இல்லாத இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். வானம் வெளிறி இருக்க வேண்டுமா, அங்கே வார்னிஷ் தடவி மூடிவிட்டு மறுபடி அமிலத்தில் இறக்க வேண்டும். பாறையின் நிழல் கறுக்கும்வரை இப்படிப் பல முறை. ஆனாலும் தகட்டிலிருந்து கிடைப்பது பழுப்பும் சாம்பலுமான படம்தான். காவிரிக்கு நீலமும் மரத்துக்குப் பச்சையும் பிரதிக்குப் பிரதி தூரிகையால் போட்டவை.

போட்டவர்கள் யார்? அக்கால லண்டன் வண்ணக்கூடங்களில் ஓவியர் தீட்டிய ஒரு மாதிரிப் பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு கூலிக்கு ஆட்கள் தீட்டுவார்கள். திருச்சியைக் கண்ணால் காணாதவர்கள், நம் வெயிலுக்கு என்ன நிறம் என்று தீர்மானித்தார்கள். படத்தின் உயிரில் பாதி அவர்களுடையது. படத்தின் கீழே அவர்கள் பெயர் இல்லை. இதை ஒரு அநியாயமாகவே நினைக்கிறேன்.

மொத்த வரிசையின் விலை 210 பவுண்டு. அந்த விலைக்கு எட்டாதவர்களுக்காக 1812 முதல் வண்ணமில்லாத சிறிய பதிப்பு ஒன்றும் வந்தது. பிரான்சில் ஜூபெர் கம்பெனி, டேனியல் காட்சிகளைப் பார்த்து 1807இல் சுவருக்கு ஒட்டும் காகிதமே அச்சிட்டுவிட்டது.

இந்தப் பக்கம், திருச்சியிலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு தொழில் தழைத்தது. காக்காப்பொன் என்று பெரியவர்கள் சொல்லும் மைக்காத் தகட்டில் வண்ணம் தீட்டி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். அதில் நிலக்காட்சியைவிட மனிதர்கள்தான் அதிகம்: தொழில் செய்கிறவர்கள், சாமி ஊர்வலம், தெய்வங்கள். மைக்கா கண்ணாடி மாதிரி, அடியில் ஒரு மாதிரிப் படத்தை வைத்தால் கோடு அப்படியே தெரியும். மேலே தீட்டினால் அடுத்த பிரதி தயார். லண்டன் கூடத்தில் நடந்த அதே வேலை. லண்டன் அருங்காட்சியகங்களில் அந்தத் தகடுகள் இருக்கின்றன. ஊர்ப் பெயர் இருக்கிறது, தீட்டியவர் பெயர் இல்லை.

டேனியலின் மலைக்கோட்டை இன்று விற்பனைக்கு வந்தால், ஒரு பூதக்கண்ணாடி எடுத்துப் பாருங்கள். வரிசை பிசகாத புள்ளிகளாகத் தெரிந்தால் அது நம் காலத்து இயந்திர அச்சு. பிசின் பொடி விட்டுப்போன ஒழுங்கற்ற மணல்மணிகளும், அவற்றின் மேல் நீர்வண்ணம் எங்காவது கோட்டைத் தாண்டி வழிந்ததும் தெரிந்தால் அது கை தொட்ட பிரதி. இரண்டு பழைய பிரதிகளை அருகருகே வைத்தால் வானத்தில் ஒரே நீலம் இராது.