தனிமையிற் செபம்: கொட்டியாரக் கைதி முதல் பெருந்தொற்றுக் காலம் வரை

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால், மகாவலி கங்கை கடலொடு கலக்குமிடத்தில் விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. அதன் கரையிலுள்ள மூதூருக்கு அண்மையில் 1893ஆம் ஆண்டில் நாட்டப்பெற்ற நினைவுக்கல் ஒன்றுண்டு. றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1660ஆம் ஆண்டிற் சிறைப்பிடிக்கப்பட்ட இடம் இதுவென அக்கல் அறிவிக்கின்றது. வரலாறு பயிலும் மாணவர் நொக்ஸின் பெயரை நன்கறிவர். கண்டி இராச்சியத்தின் நிலவுடைமை, சாதியமைப்பு, வேளாண்மை, அரசிறை ஆகியன பற்றி ஆராய்வோர் யாவரும் 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த அவரது நூலை எடுத்தாளாதிருப்பதில்லை. ஆயின், நான்கு பகுதிகளாலாகிய அந்நூலின் இறுதிப் பகுதி, நோயினாலும் சிறையினாலும் தனிமைப்பட்ட ஓர் இளைஞன் எவ்வாறு செபித்தான் என்பதைக் கூறும் ஆவணமாகவும் விளங்குகின்றது. அது போதிய கவனத்தைப் பெற்றதெனக் கூறுவதற்கில்லை.

2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றின் பொருட்டு ஆலயக் கதவுகள் அடைக்கப்பட்டபோது, 'கூடி வழிபட இயலாதவிடத்துச் சமயம் என்னவாகும்?' என்ற வினா உலகெங்கும் எழுந்தது. இவ்வினா புதியதன்று. இலங்கை மண்ணிலேயே பதினேழாம் நூற்றாண்டில் இதற்கு இருவேறு விடைகள் அளிக்கப்பட்டுள்ளன. ஒன்றை அளித்தவர் கொட்டியாரத்திற் பிடிபட்ட நொக்ஸ். மற்றையதை அளித்தவர் கோவாவிலிருந்து வந்த யோசே வாஸ் அடிகளார். இவ்விரு விடைகளையும் ஒப்புநோக்கி, அண்மைக்கால அனுபவத்தை அவற்றின் ஒளியில் மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொட்டியாரத்தில் ஒரு கப்பல்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் ஈடுபட்டிருந்த 'ஆன்' என்னும் கப்பல், 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத்துக் கரையிற் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. பழுது பார்ப்பதற்கும் இயன்றவிடத்து வாணிகஞ் செய்வதற்குமாக அது கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன் ஐரோப்பியரை ஐயுறுதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. போர்த்துக்கேயரை வெளியேற்ற அவன் துணைகொண்ட ஒல்லாந்தர், 1656ஆம் ஆண்டிற் கொழும்பைக் கைப்பற்றிய பின் அதனைத் தமக்கே உரியதாக்கிக் கொண்டனர். இந்நிலையில் முன்னறிவித்தலின்றி வந்த அயல்நாட்டுக் கப்பலை அரசன் எளிதில் நம்பானாயினன். 1660ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் கப்பற்றலைவரும், அதே பெயர் கொண்ட அவர்தம் மகனும் உட்படப் பதினாறு பேர் கரையிற் பிடிபட்டனர். மகனுக்கு அப்போது வயது பத்தொன்பது.

பிடிபட்டோர் உள்நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டு வெவ்வேறு ஊர்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். தந்தையும் மகனும் அவர்களுடைய பணிச்சிறுவனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரில் விடப்பட்டனர். விலங்கும் சிறைக்கூடமும் அங்கில்லை. ஊராரே அவர்களுக்கு உணவளித்தனர். எனினும் மொழி தெரியாமை, காடு, அரச ஆணை என்னும் மூன்றும் சேர்ந்து மதிலினும் வலிய தடையாயின.

காய்ச்சலும் இரு நூல்களும்

அவ்வூரை அடைந்த சில காலத்திலேயே தந்தையும் மகனும் குளிர்காய்ச்சலுக்கு ஆளாயினர். குறித்த நாள் இடைவெளியில் ஏறியிறங்கிய அக்காய்ச்சலை மலேரியா எனக் கருதுதல் பொருந்தும். தந்தை மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடந்து 1661ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் உயிர் நீத்தார். மகனைப் பற்றிய காய்ச்சலோ அதன் பின்னரும் பதினாறு மாதங்கள் நீடித்தது.

இக்காலத்தில் நொக்ஸிடம் இருந்தவை இரு நூல்களே. லூயிஸ் பெய்லி இயற்றிய 'பக்திப் பயிற்சி' ஒன்று. றிச்சட் றொஜர்ஸ் எழுதிய ஏழு ஆய்வுரைகள் மற்றொன்று. இரண்டும் ஆங்கிலச் சீர்திருத்தக் கிறித்தவர் இல்லங்களிற் பெருவழக்காயிருந்த அறநூல்கள். பகலுணவின் பின் நூலொன்றை எடுத்துக்கொண்டு வயற்புறஞ் சென்று, மரநிழலில் அமர்ந்து மாலைவரை வாசித்தும் சிந்தித்தும் இருப்பதைத் தாம் வழக்கமாகக் கொண்டதாகவும், காய்ச்சல் வரும் நாளில் மட்டும் அது தவறியதாகவும் நொக்ஸ் எழுதுகின்றார். மீண்டும் மீண்டும் படித்தமையால் இரு நூல்களும் ஏறத்தாழ மனப்பாடமாயின.

இவ்வொழுங்கு நம் கவனத்துக்குரியது. கோயில் மணியும் திருநாளும் குருவானவரும் இல்லாதவிடத்து, காலத்தை வகுத்துக்கொள்ளும் பொறுப்புச் செபிப்பவனையே சாருகின்றது. நொக்ஸ் தமக்கென ஒரு நாளொழுங்கை வகுத்துக்கொண்டார். நோயே அந்நாளொழுங்கின் ஓர் உறுப்பாயிற்று. தனிமை அவரைச் சோம்பலுக்குட் படுத்தவில்லை. துறவியர் தாமே விரும்பி மேற்கொள்ளும் ஒழுக்கத்தை விரும்பாத தனிமையிலும் மேற்கொள்ளலாம் என்பதற்கு இது சான்றாகின்றது.

மூன்றாவது நூலொன்று அவரை வந்தடைந்த வரலாறு சுவையானது. ஒருநாள் பணிச்சிறுவன் மீன் பிடித்துக்கொண்டிருக்கையில், முதியவர் ஒருவர் அவனையணுகி, அவனுடைய தலைவருக்கு வாசிக்கத் தெரியுமா என வினவினார். கொழும்பைப் போர்த்துக்கேயர் இழந்த காலத்தில் தம் கைக்கு எட்டிய நூலொன்றை அவர் வைத்திருந்தார். அது ஆங்கில வேதாகமம். நொக்ஸ் அதனைத் திறந்தபோது கண்ணிற்பட்டது, அப்போஸ்தலர் நடபடிகளின் பதினாறாம் அதிகாரத்தில், சிறைக்காவலன் பவுலிடம் இரட்சிப்புக்கு வழி கேட்கும் இடம். சிறைப்பட்டவன் ஒருவன் சிறைப்பட்டவர் கதையைக் கண்டு நெகிழ்ந்தமை இயல்பே. எஞ்சியிருந்த ஒரேயொரு வராகனையும் கொடுத்துவிட அவர் துணிந்தார். சிறுவனோ அத்தனை விலை வேண்டாவெனத் தடுத்தான். முடிவிற் பின்னல் தொப்பியொன்றுக்கு வேதாகமம் கைமாறிற்று. தன்னால் வாசிக்கவியலாத நூலை எறிந்துவிடாது ஆண்டுக்கணக்கிற் பேணிய அந்த ஊர் முதியவரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவரின்றி நொக்ஸின் செபவாழ்வு வேறுவிதமாய் அமைந்திருக்கும்.

புதைகுழி என்னும் சோதனை

தந்தை இறந்த நாளில் நொக்ஸ் எழுந்து நடமாடவும் வலுவற்றிருந்தார். பிணத்தை அடக்கஞ் செய்ய உதவி வேண்டிச் சிறுவனை ஊருக்குள் அனுப்பினார். வந்தோர் மாடு கட்டும் வடமொன்றைக் கொணர்ந்தனர். பிணத்தைக் கட்டிக் காட்டுக்குள் இழுத்துச் செல்வதே அவர்கள் கருதிய உதவி. இதனை வெறுங் கொடுமையெனக் கூறிவிடுதல் முறையன்று. பிணந்தொடுதல் பற்றிய தீட்டுணர்வும், அயலான் மீதான அச்சமும், நோய் பரவிய காலத்தின் கலக்கமும் அவர்தம் செயலிற் கலந்திருந்தன எனலாம். நொக்ஸ் அதற்கு உடன்படாது, கூலி கொடுத்து ஒருவனை அமர்த்தித் தந்தையை மண்ணில் அடக்கஞ் செய்வித்தார்.

இந்நிகழ்ச்சி ஓருண்மையைப் புலப்படுத்துகின்றது. தனியே செபிக்கலாம். தனியே வாசிக்கலாம். ஆனால் இறந்தோரை அடக்கஞ் செய்தற்குப் பிறர் வேண்டும். செபம் எத்துணை அகவயப்பட்டதாயினும், இறப்பு வரும்போது சமூகத்தின் வாயிலைத் தட்டியே ஆகவேண்டியிருக்கின்றது. நொக்ஸ் அளித்த விடையின் எல்லை இதுவே. 1679ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் தோழர் ஸ்ரீவன் றட்லண்டுடன் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து அவர் விடுதலை பெற்றார். பத்தொன்பது ஆண்டுச் செபத்தின் இலக்கு, தம் ஆன்மாவின் மீட்பும் தாய்நாடு திரும்புதலுமாகவே அமைந்திருந்தது. அதனைக் குறையெனக் கூறுவதற்கில்லை. கைதி ஒருவனிடம் அதனினும் மிகுதியாக எதிர்பார்த்தல் நேர்மையன்று.

வைசூரியும் யோசே வாஸ் அடிகளாரும்

இரண்டாவது விடை அதே கண்டியில், இராசசிங்கனின் மகன் இரண்டாம் விமலதர்மசூரியன் ஆட்சியில் எழுந்தது. 1651ஆம் ஆண்டு கோவாவிற் பிறந்த யோசே வாஸ், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687ஆம் ஆண்டு மாறுவேடம் பூண்டு யாழ்ப்பாணம் வந்தவர். 1692ஆம் ஆண்டிற் கண்டி நோக்கிச் சென்றபோது போர்த்துக்கேயரின் ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். அவரும் தனிமையை அறிந்தவர். சிறையிற் செபித்தவாறே சிங்களம் பயின்றார். காவல் தளர்ந்தபோது சிறு குடிலை ஆலயமாக்கினார்.

1697ஆம் ஆண்டு கண்டியில் வைசூரி பரவிற்று. நோயுற்றோரை உறவினரும் கைவிட்டு அகன்றனர். அடிகளார் தம் தோழர் யோசே கார்வாலோவுடன் நகரிலே தங்கி, கைவிடப்பட்டோருக்கு உணவும் மருந்தும் ஊட்டி, வெறுமையாய்க் கிடந்த மனைகளை நோயாளர் இல்லங்களாக்கி, இறந்தோரை அடக்கஞ் செய்தார். சமய வேறுபாடு பாராத இத்தொண்டே பின்னர் அரசனின் நன்மதிப்பை அவருக்கு ஈட்டித் தந்தது. 1711ஆம் ஆண்டு கண்டியிலேயே மறைந்த அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பிற் புனிதராக அறிவித்தார்.

இவ்விரு வரலாறுகளையும் கையாளும்போது சான்றுகளின் இயல்பை மறத்தலாகாது. நொக்ஸின் நூல், விடுதலை பெற்றபின் நினைவிலிருந்து எழுதப்பட்டு, றொபேட் ஹூக் என்னும் அறிவியலாளரின் முன்னுரையுடன் வெளிவந்தது. துன்பத்திற் பிறழாத நம்பிக்கையை வாசகர் போற்றுவர் என்பதை ஆசிரியர் அறிந்திருப்பார். அடிகளாரின் வாழ்க்கையைச் செபஸ்தியான் தொ றேகோ எழுதி 1745ஆம் ஆண்டில் வெளியிட்டார். அது புனிதர் சரிதை என்னும் மரபில் எழுந்தது. ஆகவே இரண்டிலும் மிகைப்பாடு கலந்திருத்தல் கூடும். ஆயினும் இரண்டையும் அருகருகே வைக்கும்போது புலப்படும் வேறுபாடு மிகைப்பாட்டின் விளைவன்று. ஒருவர் தனிமையை நூலால் நிரப்பினார். மற்றவர் தனிமைப்பட்ட பிறரைத் தேடிச் சென்றார்.

கொள்ளைநோயும் வழிபாடும்

நோயஞ்சித் தனிமைப்படுத்தும் வழக்கம் ஐரோப்பாவிலும் நெடிய வரலாறுடையது. தனிமைப்படுத்தலைக் குறிக்கும் 'குவாரன்ரீன்' என்னும் சொல், நாற்பது எனப் பொருள்படும் வெனிசிய வழக்கினின்றும் பிறந்தது. கிறித்தவரின் தவக்காலமும் நாற்பது நாளே. மாட்டின் லூதர் 1527ஆம் ஆண்டு, கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்ற வினாவை ஆராய்ந்து, பிறர்பாற் கடமையுள்ளோர் அகலலாகாது என்றார். அதே வேளையில் மருந்தையும் முன்னெச்சரிக்கையையும் புறக்கணிப்போரையும் கடிந்தார். மிலான் நகரில் 1576, 1577ஆம் ஆண்டுகளிற் கொள்ளைநோய் பரவியபோது பேராயர் சாள்ஸ் பொறோமியோ, வீட்டினுள் அடைபட்டோர் பலகணி வழியாகத் திருப்பலியிற் பங்குபற்றுமாறு தெருச்சந்திகளிற் பலிபீடங்களை அமைப்பித்தார். ஆலயத்தை மூடுதல் நம்பிக்கைக் குறைவென்போருக்கு இவ்வரலாறுகள் தக்க மறுமொழியாகும்.

இலங்கைக் கிறித்தவருக்கு 2020ஆம் ஆண்டின் அடைப்பு இரண்டாவது அடைப்பாகும். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு, நீர்கொழும்பு ஆலயங்களிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அதன்பின் சில வாரங்கள் பொதுத் திருப்பலிகள் நிறுத்தப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு மார்ச் 20ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட, ஏப்பிரல் 12ஆம் நாள் வந்த உயிர்த்த ஞாயிறு மக்களற்ற ஆலயங்களிலே கழிந்தது. திருப்பலி தொலைக்காட்சி வழியே இல்லங்களை எட்டியது. திருகோணமலை மறைமாவட்ட மக்களும் இந்நிலைக்கு விலக்காகவில்லை. மார்ச் 27ஆம் நாள் மழை பெய்த மாலையில், வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை தனித்து நின்று செபித்த காட்சியை உலகம் கண்டது.

இல்லங்களில் நிகழ்ந்தது ஒருவகையில் நொக்ஸின் வழியே. குடும்பச் செபமாலையும் வேதாகம வாசிப்பும் ஆலயத்தின் இடத்தைப் பெற்றன. ஆனால் நொக்ஸைச் சோதித்த புதைகுழியும் உடன் வந்தது. 2020ஆம் ஆண்டு ஏப்பிரலில், தொற்றினால் இறந்தோர் உடல்களை எரித்தே ஆகவேண்டுமென அரசு விதித்தது. அடக்கமும் பாதுகாப்பானதே என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் விதி தளரவில்லை. அடக்கஞ் செய்தலைச் சமயக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் இதனாற் பெருந்துயருற்றனர். கிறித்தவரிலும் பலர் துன்புற்றனர். இரு சமயத்தவரும் உயர்நீதிமன்றத்தை நாடியும் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டு மார்ச்சிலேயே கிழக்கு மாகாணத்து ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. 2024ஆம் ஆண்டு யூலையில் அமைச்சரவை இதன்பொருட்டு மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

1661ஆம் ஆண்டு தந்தையின் உடலை வடத்தால் இழுக்க ஒருப்படாத இளைஞனின் துயருக்கும், இந்நூற்றாண்டில் உற்றாரின் உடலை மண்ணுக்கு அளிக்கவியலாதோரின் துயருக்கும் இடையே முந்நூற்றறுபது ஆண்டுகள் கிடக்கின்றன. துயரின் தன்மை மாறவில்லை. அச்சம் மிகும் காலத்தில் முதலிற் பறிபோவது இறந்தோர்க்குரிய மதிப்பு என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

எனவே, தனிமைக்காலச் செபத்தை மதிப்பிடுதற்கு அதன் உருக்கத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளல் போதாது. கதவடைத்துச் செபிப்பவன் நொக்ஸைப்போல ஒழுங்கும் உறுதியும் பெறுதல் வேண்டும். அச்செபம் முதிர்ந்தவிடத்து, யோசே வாஸ் அடிகளாரைப்போல, கைவிடப்பட்ட அயலானின் நோய்ப்படுக்கையையும் புதைகுழியையும் நாடுதல் வேண்டும். அயலான் எச்சமயத்தவன் என்னும் வினா அங்கு எழுதற்கில்லை. கொட்டியாரக் கரையிலுள்ள கல் கைதியின் பெயரை மட்டுமே தாங்கி நிற்கின்றது. அவனுக்கு வேதாகமத்தைக் கொணர்ந்த முதியவரையும், தந்தைக்குக் குழிதோண்டத் துணைநின்ற கூலியாளையும் சேர்த்தே நினைக்கும்போதுதான் அவ்வரலாறு முழுமை பெறுகின்றது.