இந்தூர் வளையத்தில் ஒரு சிட்டிகைத் தூள்

படிகப் பொருளைத் தூளாக்கி, எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அணுக்களின் அடுக்கைக் கண்டறியும் முறையை 1916-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் டிபையும் ஷெரரும் உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஆல்பர்ட் ஹல் தனியாக அதே முடிவுக்கு வந்தார். வேடிக்கை என்னவென்றால், வட்டமிடும் எலக்ட்ரான்கள் வளையும்போது சிந்தும் சிங்க்ரோட்ரான் ஒளி 1947-ல் முதன்முதலாகக் கண்ணில் பட்டதும் அதே நிறுவனத்தில்தான். இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று இந்தியா சொந்த மண்ணில் பார்க்க இன்னும் அறுபது ஆண்டுகளாவது ஆயிற்று.

இந்தூரில் உயர் தொழில்நுட்ப மையத்துக்கு 1984-ல் அடிக்கல் நாட்டினார்கள். இன்று அதன் பெயர் ராஜா ராமண்ணா மையம். அங்கே 1999-ல் இண்டஸ்-1 ஒளிர்ந்தது. நாட்டின் முதல் சிங்க்ரோட்ரான் ஒளி. ஆனால் தூள் ஆய்வுக்கு உதவாது. அதன் எலக்ட்ரான்களுக்கு 45 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான். ஒளியின் அலைநீளமோ பத்துக்கணக்கான ஆங்ஸ்ட்ராம். அணுக்களுக்கிடையே இருப்பது இரண்டு மூன்று ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. அதை அளக்க 250 கோடி எலக்ட்ரான் வோல்ட்டும் 172 மீட்டர் சுற்றளவும் கொண்ட இண்டஸ்-2 வரவேண்டியிருந்தது. 2005 டிசம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். சிக்கனமும் உண்டு: இரண்டு வளையங்களுக்கும் எலக்ட்ரான்களை ஊட்டுவது ஒரே மைக்ரோட்ரான் முடுக்கியும் ஒரே பூஸ்டர் முடுக்கியும்தான்.

விழா வளையத்துக்கு. வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வளையத்திலிருந்து வரும் கதிரில் எல்லா அலைநீளங்களும் கலந்திருக்கும். கதிரைத் தூள் ஆய்வுக்குக் கொண்டுவரும் பாதையான பீம்லைன்-12-ஐக் கட்டியவர்கள் அதை வெற்றிடக் குழாய் வழியே கொண்டுவந்து, கண்ணாடிகளில் பட்டுத் தெறிக்கவைத்து, இரட்டைச் சிலிக்கான் படிகத்தால் ஒரே ஓர் அலைநீளத்தைப் பிரித்தெடுத்தார்கள். படிகத்தின் கோணம் இம்மி பிசகினாலும் அலைநீளம் மாறிவிடும். அதனால் முதலில் வைப்பது லாந்தனம் ஹெக்ஸாபோரைடு என்ற பழகிய தூள். அதில் பட்டுச் சிதறும் கதிர் வளையங்களாக எங்கே விழும் என்பது முன்பே தெரியும். அங்கே விழுந்தால்தான் புதிய பொருளுக்கு இடம். கதிர் அறையைப் பூட்டுமுன் ஒருவர் உள்ளே சுற்றிவந்து, யாரும் இல்லையென்று உறுதிசெய்து பொத்தானை அழுத்தவேண்டும். 2013-ல் இந்த பீம்லைனின் முதல் முடிவுகள் அச்சேறின.

சாதாரண ஆய்வகத்தில் பெரும்பாலும் செம்புக் குழாய்; 1.54 ஆங்ஸ்ட்ராமோடு சரி. இரும்புள்ள மாதிரியில் அந்தக் கதிர் பட்டால் இரும்பே எக்ஸ் கதிர் உமிழ்ந்து படத்தை மங்கடித்துவிடும். ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) மரைன் ஹில்லில் இருக்கும் ஒருவர் அந்தமானின் பாரன் தீவிலிருந்து இரும்பு கலந்த எரிமலைச் சாம்பலை ஆராய்ந்தால் இந்தத் தொல்லை நிச்சயம். இந்தூரில் அலைநீளத்தை மாற்றி அதைத் தவிர்த்துவிடலாம்.

ஜப்பானின் ட்சுகுபாவிலும் ஜெர்மனியின் ஹாம்பர்கிலும் இந்திய ஆய்வாளர்களுக்குக் கதிர் நேரம் உண்டு. அதற்காக இந்தூரை மறக்கவேண்டியதில்லை. கல்லூரியில் தூள் ஆய்வு செய்யும் மாணவர்கள் ஒரு பக்க முன்மொழிவையாவது எழுதி அங்கே விண்ணப்பித்துப் பார்க்கட்டும்.