பயனற்ற வாய்கள்

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில், சேன் நதி வளைந்து திரும்பும் இடத்தில், சுண்ணாம்புப் பாறையொன்றின் மேல் சிதைந்து நிற்கிறது ஷாத்தோ கய்யார் கோட்டை. அதன் அடியில் பெத்தி ஆந்தலி என்னும் சிற்றூர். எழுதுபவர்கள் பெரும்பாலும் மேலேதான் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்து மன்னனும் நார்மண்டியின் கோமகனுமான ரிச்சர்ட், 1196இல் தொடங்கி 1198க்குள் இதைக் கட்டி முடித்தான். செலவு ஏறத்தாழ 12,000 பவுண்டு. நிலமோ ரூவான் பேராயருக்குச் சொந்தம். அவர் சினந்து நார்மண்டி முழுவதும் வழிபாடுகளுக்குத் தடை விதிக்க, தியெப் துறைமுகம் உள்ளிட்ட சொத்துகளை ஈடாகக் கொடுத்து 1197இல் சமாதானம் செய்துகொண்டான். கீழேயுள்ள ஊரும் அவன் உருவாக்கியதே. கோட்டைக்காகவே பிறந்த ஊர்.

1199இல் ரிச்சர்ட் இறந்து தம்பி ஜான் பட்டத்துக்கு வந்தான். 1203இல் பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப் முற்றுகையிட்டான். ஜான் அனுப்பிய மீட்புப்படையில் தரைவழி வந்தவர்களும் படகில் வந்தவர்களும் ஒரே நேரத்தில் வந்து சேரவில்லை. இரு பிரிவும் தனித்தனியே தோற்றன. ஊர்மக்கள் மலையேறிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள்.

கோட்டைத் தலைவன் ரோஜர் தெ லாசி தானியத்தைக் கணக்கிட்டான். போரிடாத ஊர்மக்கள் அவனுக்குச் சுமையாகத் தெரிந்தார்கள். இப்படிப்பட்டவர்களைப் பிரெஞ்சு மொழி ‘பயனற்ற வாய்கள்’ என்கிறது. நம்மிடம் தண்டச்சோறு என்ற சொல் இருக்கிறதல்லவா, அதுதான். முதலில் வெளியேற்றப்பட்டவர்களைப் பிரெஞ்சுப் படையினர் இரங்கிப் போகவிட்டனர். செய்தியறிந்த பிலிப் அதைத் தடுத்தான். கடைசியாக வந்தவர்களை எதிரியின் அம்புகள் திருப்பி அனுப்பின. திரும்பியபோது கோட்டைக் கதவு திறக்கவில்லை.

இரு படைகளுக்கும் நடுவே, மலைச்சரிவின் பள்ளங்களில், குளிர்காலத்தை அவர்கள் கழித்தார்கள். இதை எழுதிவைத்தவர் பிலிப்பின் அரண்மனைக் குருவான கியோம் என்பவர். தம் மன்னனின் வெற்றியைக் காவியமாகப் பாடியவர். நாய்களையும் அவற்றின் தோலையும் தின்றார்கள் என்கிறார். இறுதியில் பிலிப்பே மனமிரங்கி உணவளித்தபோது, கையிலிருந்த நாய்த்தொடையை ரொட்டி கிடைக்கும்வரை ஒருவன் விட மறுத்தானாம். ரொட்டியைத் தின்றதும் பலர் செத்தார்கள். வெற்றிப்பாட்டுக்கு இந்த நாய்த்தொடை தேவையே இல்லை. ஆயினும் கியோம் அதை விட்டுவிடவில்லை.

1204 மார்ச் 6 அன்று கோட்டை விழுந்தது. படைவீரர்கள் கழிவறைத் துளை வழியே ஏறினார்களா, சிற்றாலயச் சாளரம் வழியேயா என்று இன்றும் வாதிடுகிறார்கள். பட்டினி கிடந்தவர்களைப் பற்றி அவ்வளவு வாதம் நடப்பதில்லை. ஜூனில் ரூவானும் பணிந்தது. நார்மண்டி ஆங்கில மன்னர்களின் கையைவிட்டுப் போயிற்று.

1599இல் நான்காம் ஹென்றி கோட்டையை இடிக்கச் சொன்னான். கப்புச்சின் துறவிகள் தம் மடத்தைச் செப்பனிடக் கல் எடுத்துப்போனார்கள். கீழே, 13ஆம் நூற்றாண்டின் மீட்பர் ஆலயத்தைச் சுற்றி அந்த ஊர் இன்னும் இருக்கிறது.