நாய்களில் தண்டுவடக் காயம்

நாய்களில் தண்டுவடக் காயம் என்பது முதுகெலும்புத் தொடரின் நடுவே செல்லும் நரம்புத் தண்டு நசுங்குவதாலோ, அறுபடுவதாலோ, அதற்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலோ ஏற்படும் பாதிப்பு ஆகும். இதனால் கால்கள் தளர்தல், முற்றிலும் செயலிழத்தல், சிறுநீர் மற்றும் மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை நேரிடலாம். கால் செயலிழந்த நாய்கள் அனைத்தும் பிழைக்க இயலாதவை அல்ல. இவற்றுள் பல, முறையான மருத்துவத்தினாலும் வீட்டுப் பராமரிப்பினாலும் மீண்டும் நடக்கின்றன. நடக்க இயலாதவையும் பல ஆண்டுகள் நலமாக வாழக்கூடும்.

உடற்கூறு

நாயின் முதுகெலும்புத் தொடரில் கழுத்துப் பகுதியில் 7, மார்புப் பகுதியில் 13, இடுப்புப் பகுதியில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. இவற்றை அடுத்துள்ள திருவெலும்பில் 3 எலும்புகள் ஒன்றாக இணைந்துள்ளன. வால் எலும்புகளின் எண்ணிக்கை நாய்க்கு நாய் வேறுபடும். முள்ளெலும்புகளுக்கு இடையே அதிர்வைத் தாங்கும் வட்டுகள் அமைந்துள்ளன. மார்புப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சேருமிடத்திலேயே காயங்கள் மிகுதியாக ஏற்படுகின்றன. அவ்விடத்தில் காயம் ஏற்பட்டால் முன்னங்கால்கள் வழக்கம்போல் இயங்கும். பின்னங்கால்களும் சிறுநீர்ப்பையும் பாதிக்கப்படும். கழுத்தில் காயம் ஏற்பட்டால் நான்கு கால்களும் பாதிக்கப்படலாம்.

காரணங்கள்

வாகனம் மோதுதல், உயரத்திலிருந்து விழுதல், பெரிய நாய்களின் கடி ஆகியவை வெளிக்காயத்திற்கான முக்கியக் காரணங்கள். திருப்பூர் மாவட்டம் தாராபுரம் வட்டாரம் போன்ற பகுதிகளில் தோட்டத்துச் சாளைகளில் வளர்க்கப்படும் காவல் நாய்கள் கட்டின்றித் திரிவது வழக்கம். சாலையோரத் தோட்டங்களில் இத்தகைய நாய்கள் வாகனங்களில் அடிபடும் வாய்ப்பு மிகுதி.

வெளிக்காயம் இன்றியும் தண்டுவடம் பாதிக்கப்படலாம். டாக்சண்டு, பீகிள், பிரெஞ்சு புல்டாக் முதலிய இனங்களில் வட்டின் மையப்பகுதி இளம் வயதிலேயே கடினமாகி, திடீரெனப் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது. இவ்வட்டு நோயைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஆன்சன் 1950களின் தொடக்கத்தில் இரு வகைகளாகப் பிரித்தார். குட்டைக் கால்களுக்கும் இந்நோய்க்கும் தொடர்புடைய மரபணு மாற்றம் ஒன்று 2017 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீண்ட கால்களையுடைய தமிழக இனங்கள் குட்டைக்கால் இனங்களின் வகையைச் சேர்ந்தவை அல்ல.

வெறிநோய் குறித்த எச்சரிக்கை

பின்னங்கால் செயலிழப்பு வெறிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். தடுப்பூசி போடப்படாத நாய், அடிபட்டதற்கான சான்று எதுவும் இன்றித் திடீரென நடக்க இயலாமல் போனாலோ, தாடை தொங்கி எச்சில் வடிந்தாலோ, அதன் வாயைத் தொடுதல் கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்நாய் கடித்தாலோ, அதன் எச்சில் புண்ணிலோ கண்ணிலோ பட்டாலோ, அவ்விடத்தை 15 நிமிடம் ஓடும் நீரால் கழுவி (புண் எனில் சோப்பும் பயன்படுத்தி), தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதலுதவி

அடிபட்ட நாயைக் கால்களைப் பிடித்துத் தூக்கினால் உடைந்த முள்ளெலும்பு மேலும் நகர்ந்து தண்டுவடத்தைச் சிதைக்கலாம். அதனை ஒரு பலகையின் மீது மெதுவாக நகர்த்திப் படுக்க வைத்து, துணிப்பட்டைகளால் உடலைப் பலகையோடு கட்டிக் கொண்டு செல்ல வேண்டும். நன்கு பழகிய நாயும் வலியினால் கடிக்கக்கூடும். எனவே மூச்சுத்திணறலும் வாந்தியும் இல்லாதபோது வாயைத் துணியால் தளர்வாகக் கட்டுவது பாதுகாப்பானது.

மனிதர்களுக்கான வலி மாத்திரைகளைக் கொடுத்தல் கூடாது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாய்களின் இரைப்பையில் குருதிக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். இவற்றோடு ஸ்டீராய்டு மருந்தும் சேர்ந்தால் தீங்கு பன்மடங்காகும்.

பாதிப்பின் நிலைகள்

பாதிப்பு பொதுவாக ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது.

1. வலி மட்டும் இருத்தல்
2. தள்ளாடி நடத்தல்
3. கால்களை அசைக்க முடிந்தும் நடக்க இயலாமை
4. கால்கள் முற்றிலும் செயலிழந்தும் ஆழ்வலி உணர்வு இருத்தல்
5. ஆழ்வலி உணர்வும் இல்லாமை

ஆழ்வலி உணர்வை அறிய மருத்துவர் கால்விரலின் எலும்பை இடுக்கியால் அழுத்துவார். அப்போது நாய் காலை இழுத்துக்கொள்வது உணர்வுக்குச் சான்றாகாது. அது மூளையின் தொடர்பின்றி நிகழும் அனிச்சைச் செயல் மட்டுமே. நாய் தலையைத் திருப்பிப் பார்த்தாலோ, கத்தினாலோ, கடிக்க முயன்றாலோ மட்டுமே உணர்வு உள்ளது எனக் கொள்ளப்படும்.

வட்டு பிதுங்கிய நாய்களில் ஆழ்வலி உணர்வு இருந்தால், அறுவை மருத்துவத்திற்குப் பின் பெரும்பாலானவை நடக்கின்றன. அவ்வுணர்வு இழந்தவற்றுள்ளும் ஏறத்தாழ பாதி மீள்கின்றன. வாகனம் மோதி முள்ளெலும்பு முறிந்து ஆழ்வலி உணர்வும் இழந்த நாய்கள் மீள்வது அரிது. அறுவை மருத்துவம் தேவையா என்பதை விரைந்து முடிவு செய்தல் நலம்.

வீட்டுப் பராமரிப்பு

ஓய்வு: அறுவை மருத்துவமின்றிப் பராமரிக்கப்படும் வட்டு நோய் நாய்க்குக் குறைந்தது 4 வாரங்கள் கட்டுப்படுத்தப்பட்ட ஓய்வு தேவை என 2022 ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டுக் கால்நடை நரம்பியல் வல்லுநர்களின் பரிந்துரை கூறுகிறது. நாய் திரும்பிப் படுக்கும் அளவுள்ள கூண்டு அல்லது தடுப்பு போதுமானது. வலி குறைந்ததும் நாய் ஓட முயலும். அந்நிலையில் அவிழ்த்து விடுவது மீண்டும் வட்டு பிதுங்க வழிவகுக்கலாம்.

சிறுநீர்ப்பை: கால்களைக் காட்டிலும் சிறுநீர்ப்பைக்கே மிகுந்த கவனம் தேவை. கட்டுப்பாடு இழந்த சிறுநீர்ப்பை நிரம்பி வழியும்போது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசியும். நாய் தானாகவே சிறுநீர் கழிக்கிறது எனத் தவறாக எண்ண இது இடந்தரும். தேங்கிய சிறுநீரில் நோய்த்தொற்று ஏற்பட்டுச் சிறுநீரகம் வரை பரவலாம். எனவே 6 முதல் 8 மணி நேரத்திற்கு ஒருமுறை, பின்னங்கால்களுக்குச் சற்று முன்பாக அடிவயிற்றின் இருபுறமும் உள்ளங்கைகளை வைத்து, மெதுவாகவும் சீராகவும் அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். இம்முறையை மருத்துவரிடம் நேரில் கற்ற பின்னரே செய்ய வேண்டும். வலிந்து அழுத்தினால் சிறுநீர்ப்பை கிழியக்கூடும். சிறுநீர் கலங்கியோ, சிவந்தோ, கடும் நாற்றத்துடனோ இருந்தால் பரிசோதனை தேவை.

படுக்கை: ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் இடுப்பு, முழங்கை ஆகிய எலும்பு மேடுகளில் படுக்கைப் புண் தோன்றும். 4 மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல் வேண்டும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்பகுதிகளில் இயந்திரம் துடைப்பதற்காக எடைக்கு விற்கப்படும் பனியன் கழிவுத் துணி, மெத்தையின் மேல்விரிப்பாக நன்கு பயன்படும். மென்மையாகவும், ஈரத்தை உறிஞ்சுவதாகவும், நனைந்தவுடன் மாற்றும் அளவுக்கு மலிவாகவும் இருப்பது இதன் சிறப்பு. நூல் பிசிறுகளை நாய் விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தென்னை நார் விரிப்பும் சாக்கும் தோலை உராய்வதால் ஏற்றவை அல்ல.

பயிற்சி: மருத்துவர் இசைவளித்த பின், ஒவ்வொரு மூட்டையும் வலியின்றி 10 முதல் 15 முறை மடக்கி நீட்டுவதை நாளுக்கு 2 அல்லது 3 முறை செய்யலாம். நீண்ட துணியை அடிவயிற்றின் கீழ் கொடுத்துப் பின்னுடலைத் தாங்கியபடி சில நிமிடங்கள் நடக்க வைக்கலாம். வழுவழுப்பான தரையில் நடத்தல் கூடாது. முள்ளெலும்பு முறிந்த நாய்க்கு எலும்பு உறுதியாகும் வரை இப்பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

உடனடியாகக் கவனிக்க வேண்டியவை

ஆழ்வலி உணர்வு இழந்த நாய்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு, முதல் சில நாட்களில் தண்டுவடம் படிப்படியாக அழியும் நிலை ஏற்படலாம். செயலிழப்பு முன்னங்கால்களை நோக்கி ஏறுதல், வயிற்றுத் தசைகள் தளர்தல், மூச்சு விடச் சிரமப்படுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்கு மருத்துவம் இல்லை. இத்தகைய நிலையில் கருணைக்கொலை பரிந்துரைக்கப்படுகிறது.

மீட்சி

மீட்சி சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை நீளலாம். பொதுவாக முதலில் வலி உணர்வும், பின்னர் விருப்பத்துடன் வாலாட்டுதலும், அடுத்துக் கால் அசைவும், இறுதியில் நடையும் திரும்பும். நடை திரும்பாத நாய்களுக்குப் பின்னுடலைத் தாங்கும் இரு சக்கர வண்டி பொருத்தப்படுகிறது. வண்டி பொருத்திய பின்னும் சிறுநீர்ப் பராமரிப்பு வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியதாக இருக்கலாம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் ஆய்வாளர்கள், தண்டுவடம் பாதிக்கப்பட்ட 34 வளர்ப்பு நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வை 2012 ஆம் ஆண்டு வெளியிட்டனர். நாயின் மூக்கிலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட உயிரணுக்களைத் தண்டுவடத்தில் செலுத்தியபோது முன், பின் கால்களின் ஒத்திசைவு மேம்பட்டது. ஆயினும் சிறுநீர்ப்பைக் கட்டுப்பாடு திரும்பவில்லை.

மருத்துவ வசதியும் சட்டமும்

தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரியில் 1903 இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நீண்டகாலமாகச் செயல்படுகின்றன. தாராபுரத்திற்கு அருகில் உடுமலைப்பேட்டையில் 2020 இல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது.

வளர்ப்பு விலங்கு பசியாலோ தாகத்தாலோ துன்புற நேரிடும் வகையில் தக்க காரணமின்றி அதனைக் கைவிடுவது, 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி குற்றமாகும். நடக்க இயலாத நாயை ஊருக்கு வெளியே விட்டுவிடுவதற்கும் இது பொருந்தும்.