வழுக்கையும் மருந்தும்

வழுக்கை உயிரைக் கொல்லும் நோயன்று. எனினும், அதற்கு மருந்து தேடிய முயற்சி மிகப் பழையது. ஏறத்தாழக் கி. மு. 1550ஆம் ஆண்டைச் சேர்ந்த எபர்ஸ் பப்பைரஸ் என்னும் எகிப்திய மருத்துவச் சுவடியிலே சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு, மலையாடு ஆகியவற்றின் கொழுப்பைக் கலந்து தலையிற் பூசும் முறை கூறப்பட்டுள்ளது. பல நாடுகளை வென்ற யூலியஸ் சீசரோ, தம் வழுக்கையை மறைக்க உதவியமையால், வெற்றி மாலையை எப்பொழுதும் அணியும் உரிமையைப் பெரிதும் விரும்பி ஏற்றார் என்று உரோம ஆசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்துள்ளார்.

பூச்சுகள் பல தோன்றி மறைந்தன. வழுக்கையின் காரணம் மட்டும் புலப்படவில்லை. விதை நீக்கப்பட்டோருக்கு வழுக்கை விழுவதில்லை என்ற குறிப்பொன்று, கிரேக்க வைத்தியர் ஹிப்போக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூலிலே உண்டு. அதன் பொருளை விளக்கியவர் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஹமில்டன். விதைச் சுரப்பி தொழிற்படாத ஆண்களை ஆராய்ந்த அவர், அவர்களுக்கு ஆண்மை ஓமோனாகிய டெஸ்டொஸ்டெரோனைக் கொடுத்தபோது, வழுக்கைக் குடும்பத்திற் பிறந்தோருக்கு முடி உதிரத் தொடங்கியதை 1942இல் வெளியிட்டார். பரம்பரையும் ஓமோனும் கூடியே வழுக்கையை உண்டாக்குகின்றன என்பது தெளிவாயிற்று. ஆயினும், காரணம் தெரிந்தவுடன் மருந்து பிறந்துவிடவில்லை. ஆண்மையைக் கொடுத்து முடியைக் காக்க முன்வருபவர் யார்?

மருந்து வந்த வழி எவரும் எதிர்பாராதது. அமெரிக்காவின் அப்ஜோன் நிறுவனம் உருவாக்கிய மினொக்சிடில் என்னும் மருந்து இரத்தக் குழாய்களை விரித்து, கடுமையான இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. 1979இல் அது மாத்திரையாக அனுமதி பெற்றது. அதனை உண்ட நோயாளருக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கைகளிலும் மயிர் வளர்ந்தது. இரத்த அழுத்த வைத்தியருக்கு அது வேண்டாத பக்கவிளைவு. தோல் வைத்தியருக்கோ அதுவே புதையலாயிற்று. 1988இல் அது தலையிற் பூசும் திரவமாக அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது.

இரண்டாம் மருந்தின் கதை டொமினிக்கன் குடியரசிலே தொடங்குகிறது. அங்குள்ள சலினாஸ் என்னும் ஊரிலே, பெண்களெனக் கருதி வளர்க்கப்பட்ட சிறுவர் சிலர் பருவமெய்துங்கால் ஆண்களாக மாறினர். டெஸ்டொஸ்டெரோனை அதனினும் வலிய மற்றோர் ஓமோனாக மாற்றும் நொதியம் அவர்களிடம் குறைந்திருந்ததை 1974இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. வளர்ந்த பின்னும் அவர்களுடைய புரொஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது, தலை வழுக்கையாகவில்லை. அந்நொதியத்தைத் தடுக்கும் பினாஸ்டெரைட் மாத்திரையை மேர்க் நிறுவனம் ஆக்கியது. அது 1992இல் புரொஸ்டேட் வீக்கத்துக்கும், 1997இல் சிறிய அளவில் ஆண்களின் வழுக்கைக்கும் அனுமதி பெற்றது.

ஒரு நோய்க்கு உண்ட மருந்து முடியையும் தொடுமாயின், முடிக்கு உண்ணும் மருந்து உடலின் பிற உறுப்புகளையும் தொடும் என்பதை இவ்வரலாறே உணர்த்துகிறது. மினொக்சிடில் பூசுவோருக்குத் தோலரிப்பு உண்டாகலாம்; முதற் சில வாரங்களில் முடி மேலும் உதிரலாம். அதனைப் பூசியவரின் தலையோடு தோல் பட்ட கைக்குழந்தைகளின் உடலில் மயிர் மிகுந்து வளர்ந்த நிகழ்ச்சிகளும் ஐரோப்பாவிற் பதிவாகியுள்ளன. மாத்திரையாக உண்டால் உடலில் நீர் தங்குதலும் இதயத் துடிப்பு விரைதலும் நேரலாம்.

பினாஸ்டெரைட் உண்டோருள் நூற்றுக்கு 3.8 பேரும், மருந்தற்ற போலி மாத்திரை உண்டோருள் 2.1 பேரும் பாலியற் குறைபாடுகளைத் தெரிவித்தனர். வேறுபாடு சிறிதே. எனினும், மருந்தை விட்ட பின்னும் அக்குறை நீங்காதோர் உளர் என்ற எச்சரிக்கை 2012இல் அமெரிக்காவிற் சேர்க்கப்பட்டது. தற்கொலை எண்ணமும் இம்மாத்திரையின் பக்கவிளைவே என்பதை ஐரோப்பிய மருந்து முகவரகம் 2025இல் உறுதிசெய்தது. புரொஸ்டேட் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனையின் அளவையும் இது ஏறக்குறைய அரைவாசியாகக் குறைக்கும். மாத்திரை உண்பதை வைத்தியரிடம் மறைப்பவர் தம் நோயையும் மறைத்தவராவார். கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடுதலும் தகாது. வயிற்றிலுள்ள ஆண்சிசுவின் உறுப்பு வளர்ச்சி கெடக்கூடும்.

இவற்றைக் கேட்டு இம்மருந்துகளை நஞ்சென ஒதுக்கவேண்டியதில்லை. பலருக்கு இவை பயன் தந்துள்ளன. பெரும்பாலோர் இடரின்றியே பயன்படுத்துகின்றனர். ஆயினும், மருந்தை நிறுத்தினால் காத்த முடியும் உதிர்ந்துவிடும். ஆகவே, இதனைத் தொடங்குவது பல்லாண்டு நீளும் ஓர் உடன்படிக்கையாகும். எதனைப் பெறுவதற்கு எதனைப் பணயம் வைக்கிறோம் என்பதை வைத்தியரிடம் முன்னரே கேட்டறிந்து, மனத்திலோ உடலிலோ மாற்றம் தோன்றின் நாணாது அவரிடம் கூறுவதே அறிவுடைமை. தலைமயிர் அழகு தருவது. அதனைத் தாங்கும் உடலோ வாழ்வு தருவது.